உப்பில்லாத தண்ணீர்

ஆவணி மாதத்து நிலாவெளிக் கடலைப் பற்றித் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாடைக் காலத்தில் வள்ளங்களைக் கரையேற்றிக் கட்டவைத்த அதே கடல், சித்திரை பிறந்ததும் அடங்கிவிடும். புரட்டாதி வரைக்கும் விடியற்காலைகளில் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் கிடக்கும். அந்த மாதங்களில்தான் புறாமலைக்குப் போவோம். கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர். பெரிய தீவு ஒன்று, பக்கத்தில் சின்னது ஒன்று. பெரியதுகூட சுமார் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். அவ்வளவுதான் இடம். ரொறொன்ரோவில் இருந்துகொண்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகும், நித்திரை வராத இரவுகளில் நான் சுற்றிச் சுற்றி நடப்பது அந்தத் துண்டு நிலத்தைத்தான்.

எனக்கு முதலில் தொலைந்தது ஒரு சத்தம். தீவின் ஒரு பக்கக் கரையில் மணலைவிட முருகைக்கல்தான் அதிகம். செத்து, வெளுத்து, உடைந்த துண்டுகள். விரலளவு சிலது, கொம்பு கொம்பாய்க் கிளைத்தது சிலது. அலை ஏறும்போது ஒன்றும் கேட்காது. அது திரும்பி இறங்கும்போதுதான் அத்தனை துண்டுகளும் ஒன்றையொன்று உரசி உருளும். பீங்கான் கோப்பைகளை மெல்ல ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் வருமே, அதற்குக் கிட்ட. செருப்பில்லாமல் அதன்மேல் நடந்தால் உள்ளங்கால் குத்தும். நின்றால் சத்தம் வரும், நடந்தால் வலி வரும், நாங்கள் நின்றுகொண்டே இருப்போம். இப்போது கைத்தொலைபேசியில் தேடிப் பார்க்கிறேன். புறாமலைக் காணொளிகள் எவ்வளவோ இருக்கின்றன. எல்லாவற்றிலும் பாட்டுப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள்.

அப்பா ஆசிரியர். விடுமுறை விட்டதும், போகும் நாளுக்கு முதல் இரவு முற்றத்தில் இறங்கி, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். கச்சான் வெக்கையாய் முகத்தில் அடித்தால் அவருக்குச் சந்தோசம். "நாளைக்குப் போகலாம்" என்று உள்ளே குரல் கொடுப்பார். அதற்காகவே தூங்காமல் கிடந்த நாங்கள் தூங்குவதுபோல் கிடப்போம். குசினியில் அம்மா எழும்பிவிடுவா. கட்டுச்சோறு, கத்தரிக்காய்ப் பிரட்டல், கீரிமீன் பொரியல், வாழையிலையை அடுப்பில் வாட்டும் அந்த மணம். தண்ணீரும் நாங்களே கொண்டுபோக வேண்டும், தீவில் குடிக்கத் தண்ணீர் இல்லை. முதல் பஸ். உப்புவெளி, சாம்பல்தீவு, பாலம், பனைகள், பிறகு திடீரென்று வெளிச்சம். நிலாவெளி.

வள்ளக்காரர் எங்களுக்காகக் காத்திருப்பார். "பிள்ளையளை நடுவில இருத்துங்கோ மாஸ்டர். கையைத் தண்ணிக்குள்ள விடாதேங்கோ." அவர் சொல்லி முடிப்பதற்குள் எல்லாருடைய கையும் தண்ணீருக்குள் இருக்கும். தீவுக்குக் கிட்டப் போனதும் மிசினை நிற்பாட்டிவிடுவார். அந்த இடத்தில் வள்ளம் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். ஒருவரும் பேசமாட்டோம். பாறை இடுக்குகளிலிருந்து சாம்பல் நிறப் புறாக்கள் எழும்பும், ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே. தலைக்குமேலால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் திரும்பவும் அதே இடுக்குகளுக்குள் போய் அடையும்.

வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுப் பழகுவதற்கு வைத்திருந்த இடம் அது. 1963இல் சரணாலயமாக்கினார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் அதைச் சொல்லிய பிறகுதான் இறங்கவிடுவார். "இது அதுகளின்ட வீடு. நாங்கள் விருந்துக்கு வந்தவர்கள். விருந்துக்கு வந்தவன் கத்தக்கூடாது."

முங்கிப் பார்க்கிற கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதற்கு வரிசை. என் முறை வந்து, குனிந்து, முகத்தை உள்ளே வைத்ததும் மேலே இருந்த உலகம் அறுந்துபோகும். கிளிமீன் முருகையைக் கொறிக்கிற சத்தம் காதுக்குள் கேட்கும். துடுப்பின் நுனியில் கறுப்பு வைத்த சின்னச் சுறாக்கள் முழங்கால் ஆழத்தில் திரியும். எங்களைக் கண்டால் அவைதான் ஓடும். 100 வகை முருகை, 300 வகை மீன் என்று இப்போது எழுதுகிறார்கள். எங்களுக்கு எண்ணிக்கை தெரியாது. நிறம்தான் தெரியும்.

கரையில் சின்னம்மா. கடலில் கால் நனைக்காதவர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மர நிழலில் இருந்து, எங்கள் தலைகளை எண்ணுவதே அவருடைய உல்லாசப் பயணம். "பெரியவன்... சின்னவன்... தங்கச்சி... குஞ்சு எங்க? ஐயோ, குஞ்சு எங்க?" கடைசிப் பெயர் என்னுடையது. தண்ணீருக்குமேலால் அந்தக் குரல் வரும்போது எரிச்சலாய் இருக்கும், கை தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பவும் முங்குவேன். சின்னம்மா லண்டனில் ஒரு மாசி மாதம் போனா. எனக்கு விசா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னைக் குஞ்சு என்று கூப்பிட இனி ஒருவரும் இல்லை.

பிறகு 83 இனக்கலவரம் வந்தது, போர் வந்தது. அதற்குப் பிறகு கடல் எங்களுடையதாக இருக்கவில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கே தடையும் நேரக்கட்டுப்பாடும் என்றால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு புறா பார்க்கப் போவதை யார் நினைப்பார்கள்? ஒவ்வொருவராகக் கிளம்பினோம். அண்ணா ஒஸ்லோ, அக்கா லண்டன், நான் இங்கே.

2004 மார்கழியில் கிழக்குக் கரையைச் சுனாமி அலை அடித்தது என்று விடிய விடிய வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். நிலாவெளி என்று சொன்னார்கள். ஊரில் தெரிந்த எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தோம். வள்ளக்காரரைப் பற்றி விசாரிக்க நினைத்தபோதுதான், அவருடைய பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது. அண்ணை என்றுதான் கூப்பிட்டோம், அப்பாவும் தம்பி என்றுதான் கூப்பிட்டார். பெயர் தெரிந்திருக்கக்கூடிய அப்பாவும் அப்போது இல்லை. நிலாவெளியில் எத்தனையோ அண்ணைகள். யாரென்று கேட்பது?

இங்கேயும் தீவு உண்டு. கோடையில் துறைமுகத்தடியில் படகேறி, ஒன்ராறியோ ஏரியில் இருக்கும் அந்தத் தீவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போவோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. நிழல் மரங்கள், இருக்கைகள், சுத்தமான கழிப்பறை, குழாயைத் திறந்தால் தண்ணீர், பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம். வாத்துகள் கையருகே வரும். ஏரியும் பார்வைக்குக் கடல்தான், மறுகரை தெரியாது. ஆனால் காற்றில் ஒன்றும் இல்லை. நாள் முழுக்க நின்றாலும் உதட்டை நக்கினால் ஒரு ருசியும் இல்லை. நாங்கள் புறாமலையிலிருந்து திரும்பும்போது புருவத்தில் உப்பு பூத்திருக்கும், முழங்கைத் தோல் வெள்ளையாய் இழுத்துப் பிடிக்கும். அம்மா எங்களைக் கிணற்றடியில் நிறுத்தி வாளி வாளியாக வார்க்க, நல்ல தண்ணீர் பட்ட கீறல்கள் எல்லாம் எரியும், இரவு படுத்தால் கட்டில் மெல்ல அசையும், அசைந்துகொண்டே... அப்படியே நித்திரை.

நீங்களும் ஏதோ ஒரு கரையை விட்டுவிட்டு வந்தவர் என்றால், அது தீவாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, ஒரு குளக்கட்டாகவோ ஒரு தெருமுனையாகவோ இருக்கலாம், உங்களுக்கும் இது தெரியும். இடம் அழிந்துபோயிருந்தால்கூட அழுதுவிட்டு இருந்துவிடலாம். புறாமலை அழியவில்லை. 2003இல் தேசியப் பூங்காவாக்கி, சுற்றியுள்ள கடலோடு சேர்த்து 471 ஹெக்டெயரைக் காக்கிறார்கள். ரிக்கற் உண்டு, மிதவைச் சட்டை உண்டு. முருகை ஒரு துண்டும் எடுத்துவரக்கூடாது. அது சரிதான், அந்தக் காலத்தில் அலுமாரிக்குள் முருகைக்கல் வைக்காத வீடு எங்கள் தெருவில் குறைவு. ஆட்கள் அதிகம் வந்து மிதிப்பதால் உடைகிறது என்று வாசிக்கும்போது, நான் போகாமல் இருப்பதே நல்லது என்றுகூடத் தோன்றும். தோன்றி, அரை மணி நேரம் நிற்கும்.

அண்ணா ஒஸ்லோவிலிருந்து கதைக்கும்போதெல்லாம் "வாற ஆவணிக்குப் போவமே" என்கிறான். விமானக் கட்டணம் பார்த்துச் சொல்கிறான். நிலாவெளியில் நல்ல விடுதிகள் வந்துவிட்டனவாம். ஓம் அண்ணா, போவம் என்கிறேன். போய் இறங்குவோம், அந்தச் சத்தமும் அங்கேயே இருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை. நாங்கள் முங்கும்போது கரையில் யார் இருப்பார்கள் என்று மட்டும் அவனும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.