'புல்' என்றால் விட வேண்டும்

விஜயதசமி வந்தால் எங்களுக்கு அண்ணனின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

காரைக்குடிக்குக் கிழக்கே ஒரு தோப்பில் அப்பா காவல் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். பூசை விடுமுறைக்கு முதலாளி குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. ஆயுத பூசையன்று துப்பாக்கிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். மறுநாள் காலை, தோப்பைத் தாண்டிய செம்மண் பொட்டலில் தட்டு சுடும் விளையாட்டு. தாத்தா முதல் பேரப்பிள்ளைகள் வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாங்கள் பள்ளத்துக்குள் இருந்தோம். ஸ்பிரிங் வைத்த கருவியின் இரும்புக் கையை இழுத்து மாட்டி, தட்டை வைத்து, விலகிக்கொள்ள வேண்டும். மேலேயிருந்து "புல்" என்று கத்தியதும் கயிற்றை இழுக்க வேண்டும். அது இங்கிலீஷில் 'இழு' என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது மாட்டுக்கு அறுக்கிற புல். முதல் பத்துத் தட்டுவரை சிரிப்பை அடக்க முடியவில்லை.

மத்தியானம் சோறு வருவதற்குள் கொக்கி நழுவியது. இரும்புக் கை சுழன்று அண்ணனின் வலது கையில் அடித்தது. அவன் கத்தியது மேலே கேட்டிருக்கும். ஆனாலும் நாற்காலிப் பக்கமிருந்து வந்த கேள்வி, "தட்டு ஏன் வரலை?" அப்பா துண்டைச் சுற்றி, சைக்கிளில் வைத்து, நாட்டுக் கட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கள் தெருப் பையன் இன்னொருவன் பள்ளத்தில் இறங்கினான். பொழுது சாயும்வரை வெடிச் சத்தம் கேட்டது. அண்ணனுக்கு இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது.

மண் தட்டு என்று பெயரே தவிர, அதில் மண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் சேர்த்து வார்த்தது. அகலம் 11 செ.மீ., எடை 105 கிராம். மண் எங்களுக்கென்று விதிக்கப்பட்டது வேறு கதை. 1930 டிசம்பரில், சிவகங்கையும் சேர்ந்திருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். ஹட்டன் அதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். சட்டை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது.

இந்த விளையாட்டில் இந்தியாவின் பெரிய பெயர்களைப் பாருங்கள். பிகானேர் மகாராஜா கர்ணி சிங், பட்டியாலா அரச குடும்பத்து ரந்தீர் சிங். இருவரும் ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடியவர்கள். நமக்குப் பக்கத்தில் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான். அவர் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தகுதிச் சுற்றுக்கே 125 தட்டுகள். பழகுவதற்கு நிலம் வேண்டும், தோட்டா வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் உரிமம் வேண்டும்.

உரிமம் என்றதும் ஒன்று. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995-இல் 3ஆவது விதியை எத்தனை தோழர்கள் படித்திருக்கிறீர்கள்? வன்கொடுமை நிகழக்கூடியது என்று அடையாளம் கண்ட பகுதியில், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வாங்கி வைக்க வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு உரிமம் தரலாம் என்றும் சொல்கிறது. பயிற்சி முகாம்களில் இதைச் சொன்னால் மாணவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, "நமக்குத் துப்பாக்கி கொடுப்பாங்களா?" என்று கேட்பார்கள். நாங்கள் முதலாவதைத்தான் பிடிக்கச் சொல்கிறோம். 2018-இல் மூன்று பேரை வெட்டிக் கொன்ற கச்சநத்தம் இதே மாவட்டம்தான். உங்கள் மாவட்டத்தில் அப்படி அடையாளம் கண்ட ஊர்கள் எவை, அங்கே எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு.

2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் தொண்டைமான் சுட்டதை அண்ணனோடு சேர்ந்து செல்போனில் பார்த்தோம். குரல் கேட்டதும் கருவி தானாகவே தட்டை வீசியது. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பள்ளத்துக்குள்ள பையன் யாரும் இல்லையா?"