முக்கொம்பு முதல் கல்லணை வரை

நுழையும்முன்

நாள்தோறும் கடந்து செல்வதாலேயே, நம் ஊரின் ஆற்றையும் அணையையும் கோபுரத்தையும் நின்று பார்க்க மறந்துவிடுகிறோம். காவிரியைத் தொடர்ந்து ஒரு நாள் மிதிவண்டியில் சென்ற ஒருவரின் பட்டறிவே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, நாங்கள் பத்துப் பேர் மிதிவண்டிகளில் பின்தொடர்ந்து அந்நகரைச் சுற்றிப் பார்த்தோம். நகரின் நடுவே கோட்டையைத் தாங்கி நிற்கும் பாறையைக் காட்டி, ஏறத்தாழ 35 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலையின் வாயில் உறைந்துபோன குழம்பே அது என்று விளக்கினார் அந்த இளம்பெண். 1831இல் குதிரைகள் இழுத்துச் சென்ற பெட்டிகளுக்காகப் போடப்பட்ட இருப்புப்பாதையின் தடத்தில், இன்று மிதிவண்டிகள் செல்வதையும் காட்டினார்.

"எங்கள் திருச்சிராப்பள்ளியின் நடுவிலும் இப்படியொரு பாறை உண்டு" என்றேன் பெருமையோடு.

"அப்படியா? அதன் கதை என்ன?" என்று ஆவலுடன் கேட்டார்.

மேலே பிள்ளையார் கோயில் இருக்கிறது, கீழே கடைவீதி இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு வண்டியைத் திருப்பினார். நாற்பது ஆண்டுகள் அந்தப் பாறையின் நிழலில் வாழ்ந்தவன் நான். அன்று எனக்கு உண்டான நாணம் ஊர் திரும்பிய பின்னும் அகலவில்லை.

மூன்று கொம்புகள்

தை மாதத்து விடுமுறை நாளொன்றில், விடியற்காலையில் முக்கொம்பில் நின்றிருந்தேன். நண்பர் ஒருவர் வழியாக அறிமுகமான பெரியவர் எங்களுக்கு வழிகாட்டினார். அணையின் கதவுகளை ஏற்றி இறக்கும் லஸ்கர் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை மிதிவண்டியில் அழைத்துச் சென்று ஆற்றைக் காட்டுவது அவர் வழக்கம். அன்று பதினோராம் வகுப்புப் படிக்கும் ஐந்து பேர் வந்திருந்தனர். ஆறாவது மாணவனாக நான் சேர்ந்துகொண்டேன்.

"வருகின்ற ஆறு ஒன்று, பிரிகின்ற ஆறு இரண்டு. அதனால்தான் இது முக்கொம்பு" என்று தொடங்கினார் பெரியவர். "வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. பள்ளத்தை நாடுவதுதானே தண்ணீரின் குணம்? அதை அப்படியே விட்டால் தஞ்சாவூர் வயலுக்கு என்ன கிடைக்கும்?"

அவர் கேட்ட அந்த வினாவுக்கு விடையாக எழுந்ததே மேலணை. கொள்ளிடத்துக்குள் நீர் மிகுதியாகச் சென்றதால் காவிரி மணல்மேடிட்டுத் தூர்ந்து வந்தது. தஞ்சை நிலங்கள் வாடின. அதனைத் தடுக்க, ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் இவ்வணையைக் கட்டினார். வேண்டும்போது நீரைக் காவிரிக்குத் திருப்பவும், வெள்ளம் பெருகும்போது கொள்ளிடத்தில் வடியவிடவும் இது வழி செய்தது.

பெரியவர் கைப்பிடிச் சுவரோரம் சென்று நின்றார். "2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு. ஆற்றில் பெருவெள்ளம். கொள்ளிடத்துக் கதவுகளில் ஒன்பது, தூண்களோடு போய்விட்டன. எத்தனையோ முறை என் கையால் ஏற்றி இறக்கிய கதவுகள், தம்பி. பொழுது விடிந்து வந்து பார்த்தபோது, அந்த இடத்தில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. காய்த்துப்போன உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார். நூற்றெண்பது ஆண்டுகள் நின்ற அணை அது. இப்போது அதனருகே புதிய கதவணை நிற்கிறது.

பாறையின் கதை

கரூர் சாலையில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். இருமருங்கும் வாழைத் தோட்டங்கள். சீயபுரம், முத்தரசநல்லூர், கம்பரசம்பேட்டை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. பேருந்தில் நூறு முறை கடந்த சாலைதான். ஆயினும் மிதிவண்டியின் வேகத்தில்தான் ஈரமண்ணின் மணமும் வாய்க்காலின் ஓசையும் என்னை வந்து சேர்ந்தன.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுப் படியேறினோம். உச்சிக்குச் செல்லும் வழியில் முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஓர் அழகிய கற்பனையைச் சொல்கிறது. ஆறுகளை விரும்பும் சிவபெருமான், நீர்வளம் மிக்க காவிரியைக் கண்டு மையல் கொண்டுவிடக் கூடுமென அஞ்சிய மலைமகள், பிறந்தகத்தை நீங்கி இம்மலையிலேயே வந்து தங்கிவிட்டாளாம். காவிரியைப் பல்லவனுக்கு உரியவள் என்றும் சொல்லிவருகிறாளாம்! எடின்பரோவில் என்னிடம் கேட்கப்பட்ட கதை, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக என் ஊர்ப் பாறையிலேயே எழுதப்பட்டிருந்தது. நான்தான் படித்ததில்லை.

ஆற்றிடைத் தீவு

காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்தை அடைந்தோம். முக்கொம்பில் பிரிந்த இரு கிளைகளுக்கு இடையே கல்லணை வரை நீளும் தீவு இது. இங்குள்ள கோயிலை ஏழு திருச்சுற்றுகள் சூழ்கின்றன. வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. கோயிலுக்குள் ஊரா, ஊருக்குள் கோயிலா என்று பிரித்தறிய முடியாதபடி மதில்களுக்கிடையே மிதிவண்டிகளை ஓட்டினோம்.

236 அடி உயரமுள்ள இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம். விசயநகர அரசர் காலத்தில் தொடங்கிய பணி இடையில் நின்றுபோக, அது நானூறு ஆண்டுகளுக்கு மேல் 'மொட்டைக் கோபுரம்' என்னும் பெயரோடு நின்றது. 1987ஆம் ஆண்டில்தான் பதின்மூன்று நிலைகளோடு முழுமை பெற்றது. "முன்னோர் விட்டுச்சென்ற வேலையை முடிப்பதும் ஒரு மரபுதான்" என்றார் பெரியவர்.

நீர்த்தலமாகப் போற்றப்படும் திருவானைக்காவைக் கடந்து, திருவளர்சோலை, உத்தமர்சீலி வழியாகச் சென்றோம். ஒருபுறம் காவிரியில் நீர் நிறைந்து ஓடியது. மறுபுறம் கொள்ளிடத்தில் மணல்வெளி பரந்து கிடந்தது. காலையில் கேட்ட பாடத்தை இரண்டு ஆறுகளும் கண்முன் காட்டின.

நிற்பதும் நிறுத்துவதும்

நண்பகல் கடந்து கல்லணையை அடைந்தோம். கரிகாற்சோழன் அமைத்ததாகப் போற்றப்படும் இவ்வணை, 1080 அடி நீளமுடையது. இங்கே காவிரியும் கொள்ளிடமும் மீண்டும் நெருங்கி வருகின்றன. காவிரி நீர் மறுபடியும் பள்ளமான கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து, அதனை வயல்களுக்கு அனுப்புவதே கல்லணையின் பணி.

"மணலில் எப்படி அடித்தளம் போட்டார்கள், தாத்தா?" என்று கேட்டாள் ஒரு மாணவி.

பெரியவர் ஆற்றோர மணலில் ஒரு கல்லை வைத்து, அதைச் சுற்றி நீரை ஊற்றச் சொன்னார். அடியிலிருந்த மணல் அரித்துச் செல்ல, கல் மெல்ல உள்ளே அமிழ்ந்தது. "பெரிய பாறைகளை ஆற்றில் போட்டார்கள். நீரே மணலை அரித்து அவற்றைக் கீழே இறக்கியது. கெட்டியான தளத்தில் போய் அவை அமர்ந்ததும், அவற்றின்மேல் வேறு பாறைகளை அடுக்கி, இடையே களிமண்ணைப் பூசினார்கள். இந்த வித்தையை இங்கே கற்றுக்கொண்டுதான் காட்டன் துரையும் மணலாற்றில் அணை கட்டத் துணிந்தார்" என்றார்.

மாணவன் ஒருவன் பெருமிதத்தோடு, "நம் முன்னோர் கட்டியது இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. வெள்ளைக்காரர் கட்டியதுதான் விழுந்துவிட்டது!" என்றான்.

நாங்கள் சிரித்தோம். பெரியவர் சிரிக்கவில்லை.

"நிற்கிறது என்று சொல்லாதே, தம்பி. நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல். மணற்போக்கிகளை அமைத்தார்கள், மதகு வைத்தார்கள், உயரம் கூட்டினார்கள். காட்டன் துரையும் இந்தக் கல்லணையில் வேலை செய்தவர்தான். ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் இதன் அடியைக் குனிந்து பார்த்திருக்கிறார். எந்த அணைக்கும் மணல்தான் மெத்தை. ஆற்று மணல் குறைந்தால் படுகை இறங்கும், நீர் அடித்தளத்தை அரிக்கும். யார் கட்டினார்கள் என்று ஆறு கேட்பதில்லை. யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றுதான் கேட்கும்."

அந்த மாணவன் தலைகுனிந்தான். அவனுக்காக மட்டும் சொல்லப்பட்ட சொற்களல்ல அவை. பழம்பெருமையைப் பேசுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது என்றுதான் நானும் அதுநாள்வரை எண்ணியிருந்தேன். பேசுவதற்கும்கூட எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது வேறு செய்தி.

மாலையில் கரையோரமாகவே திரும்பினோம். தொலைவில் மலைக்கோட்டையின் விளக்குகள் தெரிந்தன. அடுத்த விடுமுறையிலும் வழிகாட்ட வருவாரா என்று பெரியவரைக் கேட்டேன்.

"வருகிறேன். ஆனால் மேலணையைப் பற்றி நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எத்தனை நாளைக்குத்தான் நான் ஒருவனே சொல்லிக்கொண்டிருப்பது?" என்று கூறி, வண்டியின் மிதியை அழுத்தினார்.