பிங்கை நம்பினோர்...

ராத்திரி ரெண்டு மணி. கிளை ஆபீசுக்கு பிங் ஜோரா போகுது; 239.1.1.1-ல அனுப்பற மல்டிகாஸ்ட் வீடியோ மட்டும் போய்ச் சேரலை. காலையில ஒன்பதுக்கு மீட்டிங். "எல்லாம் ரெடி சார்"னு மேனேஜர்கிட்ட சாயங்காலமே சொல்லித் தொலைச்சாச்சு.

வெறும் ஐபிசெக் மல்டிகாஸ்ட்டைச் சுமக்காதேன்னு ஜிஆர்இ டனல் போட்டு, அதுல பிம்மும் போட்டிருந்தேன். அப்புறம் என்னதான் கேடு?

கிளை ரவுட்டர்ல 'ஷோ ஐபி ஆர்பிஎஃப்' அடிச்சதும் புரிஞ்சுது. யூனிகாஸ்ட்டுக்கு எங்க போகணும்னுதான் கவலை; மல்டிகாஸ்ட்டுக்கு எங்கேருந்து வருதுங்கறதும் முக்கியம். வீடியோ சர்வருக்கான ரூட் வெளி இன்டர்ஃபேஸைக் காட்டுது. பாக்கெட்டோ டனல் வழியா வருது. வாசல் மாறி வந்தா ரவுட்டர் சத்தமில்லாம தூக்கிப் போட்டுடும்.

டனலைக் காட்டி ஒரே ஒரு 'ஐபி எம்ரூட்' வரி. படம் வந்துடுச்சு!

அன்னிலேர்ந்து பிங்கை நம்பி யாருக்கும் வாக்கு குடுக்கறதில்லை சாமி.