மூடப்பட்ட துறைகளும் ஒரு பெட்டியும்

கலைப்பீடத்தில் படித்தவன்தான் நான். ஆயினும், இரசாயனவியல் துறையொன்று மூடப்படுகிறது என்ற செய்தி எனக்கும் துயரமே. 2004 இல் எக்செற்றர் பல்கலைக்கழகம் அவ்வாறு முடிவெடுத்தபோது, நோபல் பரிசு பெற்ற ஹரி குரோட்டோ அது தமக்கு வழங்கிய கௌரவப் பட்டத்தைத் திருப்பியனுப்பினார். துறையோ மூடப்பட்டது.

அடுத்த ஆண்டு ஸ்கொட்லாந்தில் நடந்தது வேறு. எடின்பரோவும் சென் அன்ட்ரூசும் தம் இரசாயனவியல் ஆய்வுகளை ஒன்றிணைத்தன. கிளாஸ்கோவும் ஸ்ட்ரத்கிளைடும் அவ்வாறே செய்தன. ஒரே நகரின் இரு பல்கலைக்கழகங்கள் கைகோப்பது, பதவிப் போட்டிகளையே எழுதிப் பழகிய பத்திரிகையாளனுக்கு வியப்புத்தான்.

இங்கிலாந்தில் 2006 இல் தொடங்கிய திட்டமொன்றில் பல பல்கலைக்கழகங்கள் றோயல் இரசாயனவியல் சங்கத்துடன் சேர்ந்து பாடசாலைகளைத் தேடிச் சென்றன. என்னைக் கவர்ந்தது, பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லப்படும் நிறமாலைமானி. சாதாரண பாடசாலையால் வாங்க இயலாத கருவி அது. குளிசையில் இருப்பது அஸ்பிரினா பரசிட்டமோலா என்பதை மாணவர் தாமே கண்டறியலாம். உடன் வருபவர்களில் இளம் ஆய்வு மாணவரும் உண்டு. பேராசிரியரிடம் கேட்கத் தயங்குவதை அவர்களிடம் கேட்கலாமல்லவா!

எனினும், 2024 இல் ஹல் பல்கலைக்கழகமும் தன் இரசாயனவியல் துறையை மூடத் தீர்மானித்தது. சாதாரண வெப்பநிலையில் நிலைத்திருக்கும் திரவப் பளிங்குகளை 1970களில் ஜோர்ஜ் கிரே உருவாக்கியது அங்கேதான். கணிப்பான்களிலும் கைக்கடிகாரங்களிலும் இலக்கங்கள் தெரிய வழிசெய்தவை அவை.