அலுமாரியின் மேல் இருந்த பெட்டி

எமது வீட்டு அலுமாரியின் மேல் ஒரு பெட்டி இரண்டு ஆண்டுகள் தூசு படிந்து கிடந்தது. ஜேர்மனியில் வாழும் தம்பி 2022ஆம் ஆண்டு விடுமுறையில் வந்தபோது கொணர்ந்த பலகை விளையாட்டு அது; பெயர் கட்டான். யாரேனும் அதுபற்றிக் கேட்டால், "நேரம் எங்கே?" என்று சொல்லித் தப்பிக்கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியருக்கு நேரமா இல்லை? உண்மை வேறு. தம்பி உடன் வைத்திருந்த ஆங்கில விதிநூலை மூன்று முறை வாசித்தோம். மூன்றாம் பக்கத்தைத் தாண்டுமுன் முதற் பக்கம் மறந்துபோயிற்று. "விளங்காவிட்டால் கேள், வெட்கப்படாதே" என்று முப்பது ஆண்டுகள் கணித வகுப்பில் ஓதி வந்தவர் நாம். அந்த வெட்கத்தின் கனம் எவ்வளவு என்பது அறுபத்தைந்தாம் வயதிலேதான் எமக்குத் தெரிந்தது.

தாயத்தையும் நாயும் புலியும் ஆட்டத்தையும் எந்தப் புத்தகத்திலே படித்தோம்? திண்ணையிலே பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்திருந்தோம், ஒருநாள் ஆள் குறைந்தது, நாமும் உட்கார்ந்தோம். தோற்றோம்; அழுதோம்; மறுநாளும் உட்கார்ந்தோம். வயது அறுபதைக் கடந்தபின், பிறர் பார்க்கத் தோற்பதற்கு மனம் இலேசில் இடங்கொடுப்பதில்லை.

2024ஆம் ஆண்டு ஆவணியில் தம்பி குடும்பம் மறுபடி வந்தது. அவன் மகளுக்கு அப்பொழுது பதினொரு வயது. முன்னைய வரவின்போது அவள், "பெரியப்பா வந்தது" என்று சொல்ல, வீடே சிரித்தது; உரக்கச் சிரித்தவர் நாம். அதன்பின் அப்பிள்ளை எம்மிடம் தமிழிலே வாய் திறக்கவில்லை. இம்முறையும் தலையசைப்பே விடையாக இருந்தது. வெயில் தணியாத ஒரு பிற்பகலில் அவள் அலுமாரியை அண்ணாந்து பார்த்து, "விளையாடுவமா?" என்றாள். மறுக்க மனம் வரவில்லை. விதிநூலைத் தேடி எடுத்தோம்.

"வாசிக்க வேண்டாம், பெரியப்பா. விளையாடினா விளங்கும்" என்று அதை வாங்கி மூடிவைத்தாள். குறைந்தது மூவர் வேண்டுமாகையால் எம் மனைவியாரும் அடுக்களையிலிருந்து அழைக்கப்பட்டார்.

அறுகோணத் தகடுகள் 19. காடு, வயல், மேய்ச்சல் நிலம், மலை என அவை பலவகை, மேலே எண்கள். இரண்டு பகடைகளை உருட்டினால், விழுந்த எண்ணுள்ள தகட்டின் ஓரத்தில் வீடமைத்தவருக்கு அந்நிலத்தின் விளைபொருள் கிடைக்கும். 6, 8 என்னும் எண்கள் மட்டும் சிவப்பாயிருப்பது ஏன் என்று கேட்டோம், ஆம், கேட்டேவிட்டோம்! "அது கனக்க வரும்" என்றாள். அப்பொழுதுதான் புலப்பட்டது. இரு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் 8 ஐந்து வகையில் வரும். 12 ஒரே வகையில்தான். கரும்பலகையில் நாம் எத்தனையோ முறை எழுதிய கணக்கு! அந்நியமென்று அஞ்சிய பெட்டிக்குள் எமது சொந்தச் சரக்கே கிடந்தது.

ஆயினும் பிழைகளுக்குக் குறைவில்லை. அவள் வீட்டை ஒட்டியே எம் வீட்டை வைத்தோம், அது கூடாதாம். அவள் சிரிக்கவில்லை. காயை மெல்ல எடுத்து எமது உள்ளங்கையில் வைத்து, "பரவாயில்லை, திரும்ப வையுங்கோ" என்றாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் சிரித்த சிரிப்பு அவ்வேளை எமது காதில் ஒலித்தது.

இவ்விளையாட்டை ஆக்கிய கிளவுஸ் டொய்பர் பல் கட்டும் தொழில் செய்தவர். 1995இல் வெளிவந்து, அவ்வாண்டே ஜேர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குரிய விருதைப் பெற்றது. அவருடைய கெட்டித்தனம் பண்டமாற்றிலே இருக்கிறது. வீதி போட மரமும் செங்கல்லும் வேண்டும். இல்லாதவர் இருப்பவரிடம் கேட்கவேண்டும். வாய் திறவாமல் வெல்லுதல் அரிது. "பெரியப்பா, ரெண்டு ஆடு தாறன், ஒரு கல் தாங்கோ" என்று தயங்கித் தொடங்கிய குரல், அரைமணி நேரத்தில் படலைவரை கேட்டது. பத்துப் புள்ளி எடுத்து அவளே வென்றாள். எமக்கு நான்கு.

மறுநாள் இரண்டாம் ஆட்டம். மனைவியார் திருநெல்வேலிச் சந்தையில் பேரம்பேசிப் பழகியவர். ஓர் ஆட்டுக்கு மூன்று செங்கல் கேட்டு விடாப்பிடியாய் நின்றார். பிள்ளை துள்ளி எழுந்தாள்.

"பெரியம்மா ஏமாத்துது!"

ஒரு கணம் எவரும் பேசவில்லை. அவளே நாக்கைக் கடித்து, "ஏமாத்துறா!" என்று திருத்தினாள். பிறகு முதலில் சிரித்தவளும் அவளே.