பாட்டி பார்த்த இரண்டு வேலைநிறுத்தங்கள்

எங்கள் வீடு சிலிபினில் இருக்கிறது. வாசலில் நின்றால் கிளேடாங் மலை தெரியும். இரவில் அதன் உச்சியிலுள்ள கோபுரங்களின் விளக்குகள் மட்டும் தனியே மின்னும். நான் சிறுவனாக இருந்தபோது, அது ஒரு விண்வெளி நிலையம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். நானும் நெடுநாள் நம்பினேன்.

2004ஆம் ஆண்டு பி.எம்.ஆர். தேர்வு முடிந்து ஆண்டிறுதி விடுமுறை தொடங்கியிருந்தது. கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த அண்ணன், பை நிறையக் குறுவட்டுகளோடு வந்து சேர்ந்தார். ஒரு பாதி ‘ஸ்டார் டிரெக்: டீப் ஸ்பேஸ் நைன்’, மறுபாதி ‘பாபிலோன் 5’. இரண்டும் அமெரிக்க அறிவியல் புனைகதைத் தொடர்கள். முன்னது 1993 ஜனவரியில் ஒளிபரப்பாகத் தொடங்கியது; பின்னதன் முன்னோட்டப் படம் அடுத்த மாதமே வந்தது. இரண்டிலும் விண்கலம் ஊர் ஊராகப் பறப்பதில்லை. ஒரு விண்வெளி நிலையம் இருக்கும்; பல கோள்களைச் சேர்ந்தவர்கள் அங்கே வந்து கூடுவார்கள். ‘பாபிலோன் 5’இன் படைப்பாளரான ஸ்ட்ராசின்ஸ்கி, தம் கதைத் திட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஸ்டார் டிரெக்கைத் தயாரித்த நிறுவனத்திடம் காட்டியிருந்தார். அதனால் இரு தொடர்களின் இரசிகர்களுக்கும் இடையே பெரும் சண்டை. அந்தச் சண்டை எங்கள் வீட்டிலும் நடந்தது. அண்ணன் ஸ்டார் டிரெக் கட்சி. நான் பாபிலோன் கட்சி.

“வெறுமனே கத்தாதே. இரண்டு தொடரிலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றி ஒரு கதை இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம். பாட்டி தீர்ப்புச் சொல்லட்டும்,” என்றார் அண்ணன்.

பாட்டி தரையில் அமர்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு விற்றுவிட்டதால் எங்களோடு சிலிபினுக்கு வந்தவர். பிரட்டுக்குப் போக வேண்டியதில்லை என்றாலும் இன்னமும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். ஆங்கிலம் தெரியாது. ஆகவே நாங்கள் இருவரும் மாறி மாறித் தமிழில் சொன்னோம்.

முதலில் என் கட்சி. 1994இல் வந்த அந்தக் கதை, சரக்கு இறக்கும் தளத்தில் நடக்கும் விபத்தோடு தொடங்குகிறது. பழுதான கருவியால் ஒரு தொழிலாளி இறந்துபோகிறார். ஆள் பற்றாக்குறை, பழைய இயந்திரங்கள், ஓய்வில்லாத வேலை. ஒப்பந்தப்படி வேலைநிறுத்தம் செய்யக்கூடாது என்பதால் எல்லாரும் ஒரே நாளில் உடல்நலமில்லை என்கிறார்கள். நம் வழக்கில் சொன்னால், ஒட்டுமொத்தமாக ‘எம்.சி.’ எடுக்கிறார்கள். பாட்டி இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

பூமியிலிருந்து வந்த அரசுப் பேச்சாளர் ஒரு சட்டத்தைப் பயன்படுத்துகிறார். “எந்த வழியிலாவது” வேலைநிறுத்தத்தை முடித்து வைக்கலாம் என்று அது நிலையத் தலைவர் சின்கிளேருக்கு அதிகாரம் அளிக்கிறது. அடிதடி நடக்கும் என்று எதிர்பார்த்தால், சின்கிளேர் அந்தச் சொற்களையே பிடித்துக்கொள்கிறார். இராணுவச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து 1.3 மில்லியனை எடுத்துப் புதிய ஆள்களுக்கும் கருவிகளுக்கும் கொடுத்துவிடுகிறார். எவ்வழியும் செல்லும் என்றால் இவ்வழியும் செல்லும்தானே! எனக்கு இதுவரை பார்த்த கதைகளிலேயே மிகப் பிடித்த திருப்பம் அது. வெற்றிப் பெருமிதத்தோடு பாட்டியைப் பார்த்தேன்.

“அந்தத் துரை நல்லவர்தான்,” என்றார் பாட்டி. “அவர் மாற்றலாகிப் போய்விட்டால்?”

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். ஏனென்றால் அடுத்த பருவத்தில் சின்கிளேர் உண்மையிலேயே மாறிவிடுவார். செரிடன் என்ற புதிய தலைவர் வருவார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்து அண்ணனின் கதை, 1996இல் வந்தது. பெரிய காதுகளைக் கொண்ட பெரெங்கி இனத்தவனான ரோம், தன் சொந்த அண்ணன் குவார்க்கின் மதுக்கடையில் வேலை செய்கிறான். காதில் கிருமி தொற்றியும் விடுப்பு எடுக்க வழியில்லாமல் உழைத்து மயங்கி விழுகிறான்.

“காய்ச்சலோடு நானும் நிரை வெட்டியிருக்கிறேன். வராவிட்டால் அன்றைய பெயர் இல்லை,” என்றார் பாட்டி. நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

வியாபாரம் குறைந்ததும் குவார்க் எல்லாருடைய சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுகிறான். ரோம் சங்கம் அமைக்கிறான். பெரெங்கி சட்டத்தில் தொழிற்சங்கமே குற்றம்! அவனுக்குத் துணிவூட்டும் ஓ'பிரையன் என்னும் பொறியாளர், தம் முன்னோர் ஒருவர் பென்சில்வேனியாவில் 1902இல் நடந்த நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தை வழிநடத்தியவர் என்று பெருமை பேசுகிறார். அந்த முன்னோர் கற்பனை, வேலைநிறுத்தம் உண்மை. ஐந்து மாதங்கள் நீடித்து, இறுதியில் அத்தொழிலாளர்கள் பத்து விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றார்கள்.

நமக்கு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றையும் கேட்டார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அது. பள்ளி நூலகத்தில் இதைப் படித்த அன்று, பெரெங்கியரின் கோமாளிச் சட்டங்கள் எனக்கு அவ்வளவு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

கதையின் முடிவுக்கு வருகிறேன். பெரெங்கி அரசின் அதிகாரி கொண்டுவந்த அடியாள்கள் மற்றவர்களை மிரட்டுவதற்காகக் குவார்க்கையே அடித்துப் போடுகிறார்கள். படுக்கையில் கிடக்கும் குவார்க் தம்பியிடம் பேரம் பேசுகிறான்: கேட்டதையெல்லாம் கொடுத்துவிடுகிறேன், ஆனால், சங்கத்தைக் கலைத்துவிடு. ரோம் ஒப்புக்கொள்கிறான்.

“என்ன சொன்னான்?” என்று கேட்டார் பாட்டி. அண்ணன் மறுபடி சொன்னார். பாட்டி பேசவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

இரவு உணவின்போதுதான் சொன்னார். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. சில ஆண்டுகள் கழித்துத் தாத்தா அதன் தோட்டக் கமிட்டியில் செயலாளர் ஆனார். எழுதப் படிக்கத் தெரிந்தவர். மக்களின் முறையீடுகளை ஒரு நீல நோட்டில் குறித்து வைப்பார். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது எடை குறைகிறது என்பது பெண்களின் நீண்ட நாள் முறையீடு. தாத்தா விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் துரை அவரை அலுவலகத்துக்கு அழைத்தார். மறு மாதம் தாத்தா கங்காணி ஆனார். நீல நோட்டு அலமாரிக்கு மேலே போயிற்று.

“தராசு?” என்று கேட்டேன்.

“அதே தராசுதான். என் வாளியையும் அதில்தான் நிறுத்தார்கள். மூன்று மாதம் நான் உங்கள் தாத்தாவோடு பேசவில்லை. பக்கத்து லயத்தார் என்னோடு பேசவில்லை.” பாட்டி தட்டில் இரசம் ஊற்றிக்கொண்டார். “மாதச் சம்பளம் ஒழுங்காக வந்தது. அதில்தான் உங்கள் அம்மா ஐந்தாம் பாரம் வரைக்கும் படித்தாள். அந்த லயத்தில் அவள் ஒருத்திதான்.”

அம்மா தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இது முன்பே தெரியுமா, தெரியாதா என்று எனக்கு விளங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

எந்தக் கதை வென்றது என்ற பேச்சு அதோடு நின்றுவிட்டது. மறுநாள் பாட்டியே வந்து, அந்தக் காதுக்காரன் கதையின் கடைசிப் பகுதியைப் போடச் சொன்னார். ரோம் மதுக்கடையை விட்டு விலகி, நிலையத்தின் பழுதுபார்ப்புக் குழுவில் சேர்ந்துவிடுகிறான். பின்னர் அதே கடையில் வாடிக்கையாளனாக நின்று அண்ணனிடம் பானம் கேட்கிறான். எனக்கும் அண்ணனுக்கும் பிடித்த காட்சி அது. பாட்டி முன்னால் நகர்ந்து, திரையின் ஓரங்களையே பார்த்தார்.

“இவனை விடு. இவன் போய்விட்டான். இவனோடு வெளியே நின்ற மற்றவர்கள் எங்கே? அவர்களைக் காட்டு,” என்றார்.

அண்ணன் காட்சியைப் பின்னோக்கி ஓட்டினார்.