கிருமியும் மருந்தாகும்

எல்லாரும் ஒரு நிமிடம் உங்கள் இடது கையைப் பாருங்கள். தோளுக்குக் கொஞ்சம் கீழே வட்டமாக ஒரு தழும்பு இருக்கிறதா? (சிலருக்கு விழுந்திருக்காது.) அது குழந்தையில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு. காசநோய்க்குப் போடுவது என்று எல்லாருக்கும் தெரியும். அதே மருந்து புற்றுநோய்க்கும் போடுகிறார்கள் என்பது எங்கள் தாத்தாவுக்கு வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தாத்தாவுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தது. வலி இல்லை. அதனால் உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். பெரியாஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்து, சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்றார்கள். "பீடி குடிப்பீங்களா?" என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. புகையில் உள்ள நஞ்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரோடு வந்து அந்தப் பையில்தான் தேங்கி நிற்குமாம். ஒளிந்து குடிக்கும் அண்ணன்கள் கவனிக்கவும்!

கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, திரும்ப வராமல் இருக்க வாரம் ஒருமுறை 6 வாரம் பி.சி.ஜி. கிருமியைப் பைக்குள் விடவேண்டும் என்றார்கள். உயிருள்ள கிருமி! அப்பத்தா ஒத்துக்கொள்ளவே இல்லை. "கிருமிய எடுக்கத்தான ஆஸ்பத்திரிக்குப் போறோம், அங்க போயி கிருமிய ஏத்திக்கிட்டு வரணுமா?" என்று ஒரே சண்டை. எனக்கும் பயம்தான். அறிவியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன்.

டீச்சர் சொன்னது இது. பிரான்ஸ் நாட்டில் கால்மெட், குவெரின் என்று இரண்டு பேர். மாட்டுக்குக் காசநோய் தரும் பாக்டீரியாவை எடுத்து, மாட்டின் பித்தநீர் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். 1908-லிருந்து 1921 வரை, 13 வருடம், 230 தடவை! அதற்குள் கிருமியின் வீரியம் போய்விட்டது. பி.சி.ஜி.யில் உள்ள சி, ஜி இரண்டும் அவர்கள் பெயர்தான். நம் சென்னை கிண்டியில் 1948-லேயே இதைத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். 1976-ல் கனடா டாக்டர் மொராலெஸ், 9 நோயாளிகளின் சிறுநீர்ப்பையில் இதை விட்டுப் பார்த்ததை எழுதினார். அங்கிருந்துதான் இந்த வைத்தியம் பரவியது.

இந்தக் கிருமி புற்றுநோயைத் தின்பதில்லை. பையின் உள்சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். உடனே வெள்ளை அணுக்கள் திருடனைப் பிடிக்க வருவதுபோல் ஓடிவரும். புற்றுச் செல் நம் உடம்பிலேயே முளைத்தது என்பதால் அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்தவை, இப்போது அதையும் சேர்த்து அடிக்கும். ஊரில் ஒரு சண்டை வந்தால் பழைய கணக்கும் தீருமே, அதுபோல.

இதற்கும் முன்னால் நியூயார்க்கில் வில்லியம் கோலி என்ற டாக்டர் இருந்தார். அவரிடம் வந்த 17 வயது அக்கா ஒருவர் 1891-ல் புற்றுநோயால் இறந்துபோனார். அவரால் தாங்க முடியவில்லை. பழைய நோட்டுகளைப் புரட்டினார். கழுத்தில் கட்டி இருந்த ஒருவருக்குத் தோலில் கிருமி தொற்றி, கடும் காய்ச்சல் அடித்து, கட்டியே கரைந்துபோனதாக எழுதியிருந்தது. அந்த ஆளைத் தெருத்தெருவாகத் தேடிக் கண்டுபிடித்தார். ஏழு வருடம் கழித்தும் நன்றாக இருந்தாராம்! பிறகு தானே நோயாளிகளுக்குக் கிருமியைப் போட்டார். சிலர் பிழைத்தார்கள். சிலர் அந்தக் கிருமியாலேயே இறந்தார்கள். அப்புறம் செத்த கிருமிக்கு மாறினார்.

இதைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு அத்தை, தன் வயிற்றுக் கட்டிக்கும் பி.சி.ஜி. போடலாமா என்று கேட்டார்கள். போடமாட்டார்கள். சிறுநீர்ப்பையிலும் உள்தோலோடு நின்றால்தான் இது பலிக்கும். ஆழமாக இறங்கிவிட்டால் வேறு வைத்தியம்தான்.

தாத்தாவுக்கு 4 வாரம் முடிந்துவிட்டது. மருந்து விட்டபிறகு 2 மணி நேரம் அடக்கிக்கொண்டு புரண்டு புரண்டு படுக்கவேண்டும். அன்று ராத்திரி காய்ச்சல், எரிச்சல். சிறுநீரோடு கிருமி வெளியே வரும் என்பதால் 6 மணி நேரம் கக்கூஸில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லியிருக்கிறார்கள். அது என் வேலை. அப்பத்தா இப்போது சண்டை போடுவதில்லை, வியாழக்கிழமை ஆனால் அவர்களே முதல் பஸ்ஸுக்குக் கிளப்பிவிடுகிறார்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு சில வாரம் விட்டு மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பார்களாம்.